அத்தியாயம் 6: தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர் வீட்டு நாயும் பூனையும்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாட்களில் சென்னையின் பல குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கும். கிளாம்பாக்கத்திலும் தாம்பரத்திலும் எழும்பூரிலும் கூட்டம் நெரியும். பாட்டியையும் கைக்குழந்தையையும் எப்படியாவது ஊருக்குக் கூட்டிப் போய்விடலாம். நாயை என்ன செய்வது? படுக்கை வசதி பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ரயிலில் முதல் வகுப்பில் கூப்பேயையோ கேபினையோ முழுதாக எடுத்தால்தான் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அது லக்கேஜ் பெட்டியில் உள்ள கூண்டில் தனியாகப் போகவேண்டும். பூனைக்குப் பயணமே ஆகாது. பராமரிப்பு விடுதிகளோ பண்டிகை நாட்களில் நிரம்பி வழியும். அத்தனை நாய்கள் ஒரே இடத்தில் இருந்தால் இருமலும் உண்ணியும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுவது எளிது. அதனால்தான் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஆளைத் தேடுகிறார்கள். அந்த ஆளாக இருக்க விரும்புகிறவருக்கானது இந்த அத்தியாயம்.

பிராணிகள் மேல் பிரியம் இருந்தால் போதும் என்று எண்ணித்தான் பலர் இதில் இறங்குகிறார்கள். பிரியம் கட்டாயம் வேண்டும். அது இல்லாதவரால் ஐப்பசி மழையில் நனைந்தபடி இரவு பத்து மணிக்கு இன்னொருவர் வீட்டுப் பூனையின் மலத்தை அள்ள முடியாது. ஆனால் வீட்டுக்காரர் உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது அந்த உயிரின் அன்றாட வழக்கத்தை. அது எத்தனை மணிக்கு எழும், எந்த மூலையில் படுக்கும், சோற்றை ஒரே மூச்சில் தின்னுமா, விட்டுவிட்டுத் தின்னுமா என்பதெல்லாம் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அது மாறியது தென்படும். வாயில்லா ஜீவன் தன் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல வேறு வழி கிடையாது. எனவே இந்த வேலையில் பெரும்பகுதி குடும்பம் ஊருக்குக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கும் நாள்

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர் தேதியை முடிவு செய்வதும் அப்போதுதான். டிக்கெட் எடுத்த கையோடு உங்களையும் பேசி வைத்துக்கொள்ளும்படி தெரிந்த குடும்பங்களிடம் சொல்லி வையுங்கள். கடைசி வாரத்தில் வரும் அழைப்புகளை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது. முன்பின் பார்க்காத நாயைச் சாவியோடு சேர்த்து முதல் நாள் கையில் வாங்குவது உங்களுக்கும் ஆபத்து, நாய்க்கும் ஆபத்து.

எத்தனை வீடு ஏற்கலாம் என்பதைத் தூரம்தான் தீர்மானிக்கிறது. தீபாவளி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. ஒரு நல்ல மழை பெய்தால் சென்னையின் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்று போக்குவரத்து அறுந்துவிடும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. நடந்தோ வண்டியிலோ சுரங்கப்பாதை எதையும் தாண்டாமல் போய்ச் சேரக்கூடிய வீடுகளை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். எவ்வளவு அருகில் இருந்தாலும், அதே குடியிருப்பில் ஊருக்குப் போகாத ஒருவரிடம் இரண்டாவது சாவி இருக்கட்டும். உங்களால் போக முடியாத நாளில் தண்ணீரும் சோறும் வைக்க அவரால் முடியும். இதற்கு மறுக்கும் வீட்டுக்காரரிடம் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒப்புக்கொள்ளக் கூடாத வீடும் உண்டு. காட்டிலிருந்து பிடித்த நாட்டுப் பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. பொறுமையாகச் சொல்லுங்கள், ஆனால் பொறுப்பேற்காதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு முழு மாலை

முதல் சந்திப்பை வீட்டுக்காரரோடு பேசிவிட்டு வரும் அரைமணி நேரமாக நினைக்க வேண்டாம். நாய் சாப்பிடும் நேரத்தில் போய், அது சாப்பிட்டு, வாக்கிங் போய், திரும்பி வந்து படுக்கும்வரை இருங்கள். உள்ளே நுழைந்ததும் நாயை நோக்கிக் கையை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருங்கள். அதுவாக வந்து முகரட்டும். வாக்கிங்கின் முதல் பாதியில் சங்கிலி வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும், மறுபாதியில் நீங்கள் பிடியுங்கள். சில நாய்கள் வீட்டுக்காரர் இருக்கும்வரை வாலாட்டும். அவர் இல்லாதபோது அதே ஆளை வாசற்படி தாண்ட விடாது. அதனால் இன்னொரு நாள் அவர்களை ஒரு மணி நேரம் வெளியே போகச் சொல்லிவிட்டு நீங்களே சாவி போட்டுத் திறந்து போய்ப் பாருங்கள். இந்த ஒத்திகையைச் செய்யாமல் எந்த வீட்டையும் ஏற்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கேட்க வேண்டியவற்றைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாட்டின் அளவைக் "கொஞ்சம்" என்றுதான் சொல்வார்கள். எந்தக் கிண்ணத்தால் எத்தனை என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். தயிர்சாதமா, முட்டையா, பாக்கெட் தீனியா, எல்லாம் கலந்தா? நீங்கள் ஆரோக்கியமானது என்று நினைக்கிற எதையும் புதிதாகக் கொடுக்காதீர்கள். ஊரிலிருந்து ஆள் திரும்புவதற்குள் வயிற்றுப்போக்கு வந்துவிடும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதி உள்ள அட்டை, மாநகராட்சி உரிமம், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண் மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். அந்த டாக்டர் பண்டிகைக்கு ஊரில் இருப்பாரா என்று அவரிடமே கேளுங்கள். அவரும் ஊருக்குப் போகிறவராக இருக்கலாம். வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உட்பட, விடுமுறை நாளிலும் இரவிலும் எங்கே பார்ப்பார்கள் என்று அந்தந்த இடத்துக்கே பேசித் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வியைக் கேட்க வாய் வராது, ஆனாலும் கேட்க வேண்டும். அவசரம் வந்து, போன் கிடைக்கவில்லையென்றால் எவ்வளவு தொகைவரை நீங்களே செலவழிக்கலாம்? அறுவை சிகிச்சை என்றால் யார் முடிவெடுப்பது? வயதான நாயாக இருந்தால் இன்னும் ஒன்று: அவர்கள் இல்லாதபோது உயிர் போய்விட்டால் என்ன செய்ய விரும்புகிறார்கள், வரும்வரை வைத்திருக்கவேண்டுமா? மென்மையாகக் கேட்டு, பதிலை அவர்கள் கையாலேயே வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பதினைந்து வருடம் கூடவே வளர்ந்த உயிரைப் பற்றி, வேறொருவர் பதற்றத்தில் எடுக்கிற முடிவை அந்தக் குடும்பம் சுமக்கும்படி ஆகக்கூடாது.

பூட்டிய வீட்டின் கடமைகள்

நீங்கள் காவல் காப்பது நாயை மட்டுமல்ல, வீட்டையும்தான். சாவிக்கொத்தில் முகவரி எழுதிய அட்டை இருந்தால் கழற்றிவிடுங்கள். கிரில் கதவுப் பூட்டையும் உள்கதவுப் பூட்டையும் நீங்களே திறந்து மூடிப் பழகுங்கள். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி இறுகும். மோட்டார் எப்போது போடுவது, கேஸ் வால்வு மூடியிருக்கிறதா, மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் எத்தனை நேரம் தாங்கும் என்று கேளுங்கள். பூஜையறையில் தினமும் விளக்கேற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நாயோ பூனையோ தனியாக இருக்கும் வீட்டில் எரியும் திரி கூடாது. வேண்டுமானால் பூ வைத்துவிட்டு வரலாம்.

ஊருக்குப் போகும்போது பூட்டிய வீட்டின் விவரத்தைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும்படி போலீசாரே பண்டிகைதோறும் கேட்டுக்கொள்கிறார்கள். அப்போது உங்கள் பெயரையும் போன் எண்ணையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரவு ரோந்தில் வருகிறவரிடம் வாசலில் நின்று விளக்கம் சொல்லும்படி ஆகும். வாட்ச்மேனிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் முன்பே அறிமுகம் செய்துவைக்கச் சொல்லுங்கள். நாயோடு லிஃப்டில் ஏறக்கூடாது என்று சில சங்கங்கள் தடுக்கும். அப்படித் தடை போடச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் வாதாடுவது வீட்டுக்காரரின் வேலை. நீங்கள் அதில் இறங்காதீர்கள்.

நாயின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். குடும்பம் திரும்பும்வரை வைக்காதீர்கள். அந்த வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கு அறிவிப்பதற்குச் சமம் அது. படம் வீட்டுக்காரருக்கு மட்டும் போகட்டும், ஒவ்வொரு வருகைக்கும் ஒன்றாவது போகட்டும். கூடவே என்ன தின்றது, எத்தனை முறை போயிற்று என்று ஒரு வரி.

தனியாகப் போகும் பெண்கள் தங்கள் இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்குப் போனில் பகிர்ந்துவிட்டுப் போகவேண்டும். உறவினர் யாரேனும் வந்து தங்குவார்களா, உள்ளே கேமரா எங்கெங்கே இருக்கிறது என்பதை முன்பே கேட்பது உங்கள் உரிமை.

வெடிச் சத்தம்

மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் எல்லை. நாய்க்கு அது 45,000ஐத் தொடும், பூனைக்கு 60,000ஐயும் தாண்டும். மெலிந்த ஒலியும் அவற்றுக்கு எட்டும். எங்கிருந்து, ஏன் வருகிறது என்று புரியாத ஓசை விட்டுவிட்டு மணிக்கணக்கில் வெடித்துக்கொண்டே இருக்கும்போது, கூடவே வீட்டு மனிதர்களும் காணாமல் போயிருந்தால் அந்த உயிர் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்கு நாய் இருக்கும் வீட்டை ஏற்றால் அன்றைய இரவும் முந்தைய இரவும் அங்கேயே தங்குங்கள். மற்ற விடுமுறைகளுக்கு நாளைக்கு மூன்று முறை வந்து போவது போதும், தீபாவளிக்குப் போதாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் வெடிக்க அரசு நேரம் ஒதுக்கியது. நடப்பில் விடிவதற்கு முன்பே சரவெடி தொடங்கிவிடும், நள்ளிரவிலும் ராக்கெட் பறக்கும். மாலை வாக்கிங்கை நான்கு மணிக்கே முடித்துவிடுங்கள். அதிகாலையில் ஒன்றுக்குப் போக வெளியே போயே ஆகவேண்டிய நாயென்றால் ஐந்துக்கு முன் போய் வந்துவிடுங்கள். கழுத்துப் பெல்ட்டில் ஒரு சங்கிலி, மார்புக் கச்சையில் இன்னொன்று என இரண்டையும் ஒன்றாகப் பிடியுங்கள். வெடிக்குத் திடுக்கிட்டுப் பின்னால் இழுக்கும் நாய் தலையைச் சுருக்கிப் பெல்ட்டிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடும். பெல்ட்டில் தொங்கும் பட்டயத்தில் அந்த நாட்களுக்கு மட்டும் உங்கள் எண் இருக்கட்டும். வீட்டுக்காரர் திருநெல்வேலியில் இருக்கும்போது அவர் எண்ணால் பயனில்லை.

சன்னல் குறைவாக உள்ள உள்ளறையைத் தேர்ந்தெடுத்து, திரையை இழுத்துவிட்டு, வீட்டுக்காரர் கட்டிய பழைய லுங்கியோ நைட்டியோ துவைக்காமல் அங்கே விரியுங்கள். மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடட்டும். கட்டிலடியில் போய் ஒடுங்கினால் இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள். அது தனக்கான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. பயந்த நாயைத் தடவினால் பயம் வளரும் என்று சொல்வார்கள். அது உண்மையல்ல, பயம் என்பது பரிசு கொடுத்து வளர்க்கிற பழக்கமில்லை. அருகில் வந்து சாய்ந்தால் தாராளமாகத் தடவுங்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். விடாமல் மூச்சிரைப்பது, எச்சில் ஒழுகுவது, நடுங்குவது, கதவைப் பிறாண்டுவது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது என்றால், பண்டிகைக்குச் சில வாரம் முன்பே டாக்டரைப் பார்க்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பயத்தைத் தணிக்க மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் எழுதிக் கொடுத்து, வெடி இல்லாத ஒரு நாளில் கொடுத்துப் பார்த்து, எவ்வளவு மயக்கம் வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

மறுநாள் காலைத் தெருவில் வெடிக்காத பட்டாசும் கந்தகமும் நைட்ரேட்டும் படிந்த காகிதமும் கிடக்கும். தரையை முகர்ந்து வாயில் போடும் நாயைச் சாலை கூட்டி முடியும்வரை வெளியே விடாதீர்கள்.

நாய் ஓடிவிட்டால் பின்னால் துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் ஓடும். தூய்மைப் பணியாளர்கள், டீக்கடைக்காரர், தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் ஆகியோரிடம் உடனே படத்தைக் காட்டுங்கள். சத்தம் அடங்கும் பின்னிரவில் தேடுங்கள். வீட்டுக்காரருக்கு அந்த நிமிடமே சொல்லுங்கள், கிடைத்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

பலகாரத் தட்டு

பக்கத்து வீட்டு அம்மா உங்களுக்கென்று கொடுக்கும் பலகாரத் தட்டை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறும் என்பதால் ஒன்றுகூடக் கொடுக்கக்கூடாது. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் அது கட்டாயம் இருக்கும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, சர்க்கரை நோயாளிகளுக்கான சில இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டால் எல்லாம் நஞ்சு. பொங்கலுக்குப் பார்த்துக்கொள்கிறவர் கரும்புச் சக்கையையும் கவனிக்க வேண்டும். விழுங்கினால் குடலில் அடைக்கும். போகி அன்று காலைப் புகையில் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களும் கூண்டுப் பறவைகளும் திணறும். சன்னல்களை முதல் நாள் இரவே அடைத்துவிடுங்கள்.

மீன் தொட்டிக்கு எதிர்ப்பக்க ஆபத்து. ஆரோக்கியமான வளர்ந்த மீன் சில நாள் தீனி இல்லாமலும் இருக்கும். அதிகத் தீனி போட்டால் தண்ணீர் கெட்டுச் சாகும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொட்டலமாக வீட்டுக்காரரையே மடித்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பூனை இருக்கும் வீடு

பூனை ஆளை விட வீட்டோடு ஒட்டி வாழும். நீங்கள் வரும்போது அது கண்ணிலேயே படாமல் இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். பீரோ மேல், வாஷிங் மெஷின் பின்னால், மூடிய அலமாரிக்குள் எல்லாம் பாருங்கள். பால்கனியில் கட்டியிருக்கும் புறா வலையை நம்பாதீர்கள். அது புறாவை நிறுத்தும், பூனையின் எடையையும் பல்லையும் தாங்காது. பால்கனிக் கதவு மூடியே இருக்கட்டும்.

தட்டில் எவ்வளவு மிச்சம், மணல் தட்டில் எத்தனை கட்டி என்பதுதான் பூனை எழுதி வைத்துவிட்டுப் போகும் நாட்குறிப்பு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் பேசுங்கள். பட்டினி தொடர்ந்தால், குறிப்பாகக் குண்டுப் பூனைகளுக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, மூத்திரம் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் இல்லை, மூத்திரக் குழாய் அடைப்பு. விடியட்டும் என்று பார்க்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாய்க்கு விடும் சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின், மனிதர்கள் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் இரண்டும் பூனையைக் கொன்றுவிடும்.

நாய் விஷயத்தில், சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்திருந்தால் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 39.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டினாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சென்னையில் அது அடிக்கடி வருவது. சீக்கிரம் பிடித்தால் மருந்தில் குணமாகும்.

உங்கள் உடம்பையும் காத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர் கடி வாங்கும் முன்பே 0, 7, 21 அல்லது 28ஆம் நாட்களில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ஏற்கெனவே போட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கூலியும் ஒப்படைப்பும்

நாய்க்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்லாமல், வருகைக்கும் இரவுத் தங்கலுக்கும் தனித்தனியாகக் கூலி சொல்லுங்கள். உங்கள் நேரம், பெட்ரோல், மருந்து கொடுக்கும் வேலை எல்லாம் அதில் அடங்கட்டும். உதாரணமாக, சாதாரண நாளில் ஒரு வருகைக்கு 300 ரூபாய் என்றால் பண்டிகை நாளில் 450 கேட்பதில் தவறில்லை. உங்கள் வீட்டுத் தீபாவளியை விட்டுத்தான் நீங்கள் வருகிறீர்கள். பாதியை முன்பணமாக வாங்கி, அதைத் திருப்பித் தருவது எந்தத் தேதிவரை என்பதையும் எழுதிவிடுங்கள். தெரிந்தவர், நண்பரின் அக்கா என்று எழுதாமல் விடுவதில்தான் மனக்கசப்பு தொடங்கும்.

திரும்பும் நாளில் கவனம் தளரும். காலை ஐந்து மணிக்கு வந்துவிடுவோம் என்று சொன்ன குடும்பம் மழையிலோ நெரிசலிலோ சிக்கிப் பிற்பகலில் வரலாம். அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து செய்தி அனுப்பும்வரை உங்கள் பொறுப்பு முடியவில்லை என்பதை முதலிலேயே பேசி, தாமதமானால் கூடுதல் வருகைக்கு என்ன கூலி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாவியைக் கதவிடுக்கிலோ செருப்பு அலமாரியிலோ வைத்துவிட்டு வராதீர்கள், நேரில் கொடுங்கள். உங்கள் குறிப்பு நோட்டின் பக்கங்களையும், டாக்டரிடம் போயிருந்தால் ரசீதுகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மீதிக் கூலியை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறார்களா என்று அப்போதே கேட்டு வையுங்கள்; அதற்கான முன்பதிவு நவம்பர் நடுவில் திறந்துவிடும்.